லோகாம்பாள் புளியிஞ்சி

பன்றி இறைச்சி வைத்த ரொட்டிக்கு எது பொருத்தம் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு புளியிஞ்சி என்பேன். நான் அந்த ரொட்டியைத் தின்றதில்லை; முட்டைகூட எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. ஆனால் தின்கிறவர்களின் முகத்தை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்ததும் தக்காளி சாஸ் கேட்பார்கள், சிலர் கடுகு சாஸ் கேட்பார்கள். நாங்கள் ஒரு சின்னக் கிண்ணத்தில் புளியிஞ்சி வைப்போம். அப்புறம் சாஸ் பாட்டிலைத் தொடமாட்டார்கள். உப்பும் கொழுப்புமான பண்டத்துக்குப் புளிப்பும் காரமும் கொஞ்சம் இனிப்பும் வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் மலையாளத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஸுப்ரியா மேடம். நான் தமிழில் சொல்கிறேன். இந்தக் கொச்சி மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தும், உள்ளதைச் சொல்ல எனக்குத் தமிழ்தான் வருகிறது. அந்த ஃபேனை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். குளித்த தலை இன்னும் காயவில்லை.

யூதர் தெருவில், அதுதான் ஜூ டவுனில், ரமேஷ்பாபு நடத்துகிற காப்பிக் கடையில் நான் சமையல். அடுக்களைத் தரையின் நடுவே சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு உண்டு. இந்தப் பக்கம் என் அடுப்பு, அந்தப் பக்கம் வசந்தியின் அடுப்பு. அவள் தேனிப் பக்கத்துக்காரி, புருஷன் களமசேரியில் லாரி ஓட்டுகிறான். பன்றி இறைச்சி பொரிப்பது அவள் வேலை. இஞ்சியும் பச்சை மிளகாயும் பொடியாக நறுக்கி, வதக்கி, புளியும் வெல்லமும் சேர்த்து உருளியில் சுண்டக் காய்ச்சுவது என் வேலை.

சமைக்கும்போது நான் ருசி பார்ப்பதில்லை. என் அப்பா கோயில் மடப்பள்ளியில் இருந்தவர். ஸ்வாமிக்குக் காட்டுவதற்கு முன்னால் நாக்கில் வைத்தால் அது எச்சில். கடையிலும் அதை விடவில்லை. முதல் கரண்டி என் அலமாரியில் இருக்கிற குருவாயூரப்பன் படத்துக்கு, அதற்குப் பிறகுதான் பன்றிக்கு. சிரிக்காதீர்கள். முதல் கரண்டி போனபிறகு வசந்தி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள். "செமையா இருக்கு மாமி" என்பாள். ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. நானும் நம்பினேன்.

ஓணத்துக்குப் பிறகு ரமேஷ்பாபு வந்து, "மாமி, இதைப் பாட்டில்ல போட்டு விக்கலாம். பேரு மாமியோடது மதி, வேற பேரு வேண்டா" என்றான். லோகாம்பாள் புளியிஞ்சி. லேபிளில் என் படமும் போடுவார்களாம். என் பேர் அச்சில் வந்தது ஒரே ஒரு தடவை, கல்யாணப் பத்திரிகையில். அந்தக் கல்யாணமும் நிலைக்கவில்லை. அண்ணா வீட்டுக்கு யார் வந்தாலும் மன்னி என்னைக் காட்டி "இவ இங்கதான் இருக்கா" என்பாள், பேரைச் சொல்லமாட்டாள். அந்த லேபிள் மாதிரியை வாங்கி வந்து தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வைத்துக்கொண்டேன்.

போன வாரம் வசந்தி மகளுக்குச் சடங்கு என்று ஊருக்குப் போனாள். பன்றியை ரமேஷ்பாபுவே பொரித்துக்கொண்டான். ஆனால் அவள் இல்லாத நாளெல்லாம் கிண்ணங்கள் நிறைந்தபடியே திரும்பி வந்தன. எப்போதும் வருகிற ஒரு வெள்ளைக்காரக் கிழவி, ரொட்டியைப் பிரித்து, புளியிஞ்சியை வழித்து ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தக்காளி சாஸ் கேட்டாள். "என்னாச்சு மாமி, கை மாறியோ?" என்று ரமேஷ்பாபு கேட்டான். தலைவலி என்றேன். வசந்தி திரும்பி வந்த அன்றே கிண்ணங்கள் வழித்துத் துடைத்தாற்போல் வந்தன. நான் ஒன்றும் மண்டு இல்லை.

நேற்று சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். என்னைத் தேடிவிட்டு, இல்லை என்று தெரிந்ததும் கோட்டைத் தாண்டி என் அடுப்புக்கு வந்தாள். வெல்லம் போட்டாள், உப்புப் போட்டாள், வெந்தயப் பொடி தூவினாள். நக்கிப் பார்த்தாள். மறுபடி வெல்லம். மகளுக்குத் தலை பின்னிவிடுகிறவள் மாதிரி அத்தனை நிதானம்.

இன்று காலை கேட்டேன். பயப்படுவாள் என்று நினைத்தேன்.

"கோவிச்சுக்கிடாதீங்க மாமி. நீங்க நாக்குல வைக்க மாட்டீங்க. ஒரு நாளு உப்பு தூக்கும், ஒரு நாளு புளி தூக்கும். சொன்னா மனசு கஷ்டப்படுவீங்க. அதான் நானே சரி பண்ணிருவேன்."

"எப்பலேந்து?"

"வந்த நாள்லருந்துதான். நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன் மாமி. பாட்டில்ல உங்க பேருதான் இருக்கணும்."

அவள் கத்தியிருந்தால், பங்கு கேட்டிருந்தால், விட்டிருப்பேன். தாழ்ந்த குரலில், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். இனிமேல் என் உருளியைத் தொடாதே என்றேன். சரி என்று தலையாட்டினாள். நான் கறிவேப்பிலை கழுவப் போனேன். திரும்பிப் பார்த்தால் உருளி மேல் குனிந்து நிற்கிறாள், வலது கை மூடியிருக்கிறது.

"இன்னிக்கு மட்டும் மாமி. பாட்டில் கம்பெனிக்காரர் வர்றாரு. உங்க பேரு கெட்டுரக் கூடாது."

அவள் பொரிக்கிற இரும்புச் சட்டி கோட்டுக்கு அந்தப் பக்கம் அடுப்பில் இருந்தது. அதை நான் தொட்டதே இல்லை. நல்ல கனம், இரண்டு கையும் வேண்டும். என் கை வெந்திருக்கிறது, பாருங்கள். முதல் அடி காதுக்குப் பின்னால் விழுந்தது. கொதிக்கிற கொழுப்பு கழுத்தில் வழிந்து தோல் சுருண்டது. அவள் என் பக்கத்துத் தரையில் விழுந்து, என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். "மாமி" என்றாள். அந்த வாயில்தான் அடுத்தது அடித்தேன். பல் சிதறி அடுப்படிவரை போயிற்று. பிறகு நெற்றி உள்ளே போகிறவரை அடித்தேன்.

அதற்குள் புளியிஞ்சி கெட்டியாகிவிட்டது. அந்த நேரத்தில் கிளறாமல் விட்டால் அடி பிடித்துவிடும். கிளறினேன். அவள் குதிகால் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. இறக்கி வைத்துவிட்டுக் குளித்தேன். பன்றிச் சட்டியைத் தொட்டுவிட்டேனே, குளிக்காமல் எப்படி. வேறு புடவை கட்டி, படத்துக்குக் காட்டி, அடுக்களையைப் பூட்டிவிட்டுக் கிண்ணத்தோடு வெளியே போனேன். பன்றி இறைச்சி ரொட்டிகள் முன்னாலேயே மேஜைக்குப் போயிருந்தன.

கம்பெனிக்காரர் பேர் பாண்டியராஜன், எர்ணாகுளத்திலிருந்து வந்திருந்தார். கிண்ணத்தை விரலால் வழித்து நக்கினார். "இதே டேஸ்ட் போதும்மா, ஒண்ணும் மாத்த வேண்டாம்" என்றார். நீங்கள் அவரையே கேட்கலாம். அதற்குப் பிறகுதான் ரமேஷ்பாபுவிடம் சாவியைக் கொடுத்து உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணச் சொன்னேன்.

கொன்றது நான்தான். அதில் வழக்காட ஒன்றுமில்லை. ஆனால் இன்றைய புளியிஞ்சி முழுக்க என் கை, அதுவும் எழுத்தில் இருக்க வேண்டும். அவள் கையைத் திறப்பதற்குள் அடி விழுந்துவிட்டது. உங்களுக்குக் காட்டலாமே என்று குளிக்கப் போகும் முன் அவள் விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே வெல்லம் இல்லை, பிசுபிசுப்பு மட்டும் இருந்தது. கட்டி எங்காவது தரையில் விழுந்திருக்கும். ரத்தத்தில் கைவிட்டுத் துழாவினேன், அகப்படவில்லை. எங்கள் அடுக்களையில் எறும்பு ஜாஸ்தி, மேடம். எறும்புதான் கொண்டு போயிருக்கும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.