நாய்க்குட்டி மாப்பிள்ளை

ஊரார் பேச்சு உனக்கெதுக்கடி? சரி, கேள்.

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த பஸ்ஸில் என் முன் சீட்டில் ஓர் அம்மாவும் மகளும். பெண் பார்த்துவிட்டுப் போன பொன்மலை மாப்பிள்ளைக்கு அன்றே பதில் சொல்ல வேண்டுமாம்.

"அவரு நாய்க்குட்டி மாதிரிம்மா!" என்றாள் மகள்.

"கட்டிக்கப்போறவரைப் போய் நாய்ங்கறியே!"

"நாய் இல்லம்மா, நாய்க்குட்டி! என்னைப் பார்த்ததும் அவருக்கு அப்படி ஒரு குஷி."

"பின்னாடியே சுத்துவாருடி. ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. உன்னைப் பார்த்து அப்பா என்னைக்காச்சும் குஷியாயிருக்காரா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாம்பழச்சாலையில் நான் இறங்கியிருக்க வேண்டும். பதில் தெரியாமல் எப்படி இறங்குவது? காவிரிப் பாலத்தில்தான் அம்மா போனை எடுத்தாள்.

"எங்களுக்குச் சம்மதங்க!"

ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்ட பக்கத்து வீட்டாரிடம், பஸ்ஸிலேயே தூங்கிவிட்டேன் என்றேன்.