மருமோன்ரை கறுத்தப் பியர்

மீன் மணக்குதெண்டோ சொன்னனீங்கள்? ஆ? தார் மணக்குது, மீன் மணக்குது, சளிமருந்து குடிச்ச மாதிரிக் கிடக்கெண்டு... என்ரை மருமோன் செய்த பியரைக் குடிச்சுப்போட்டு, அவற்றை மூஞ்சைக்கு நேரை! நில்லுங்கோ தம்பி, நில்லுங்கோ. காரைப் பிறகு எடுக்கலாம். நாய் ஒண்டும் செய்யாது, அது சும்மா குலைக்கிறது. இந்தக் கேற்றும் அப்பிடித்தான், அமத்தித் தூக்கினால்தான் துறக்கும். நான் துறந்துவிடுறன், கதையை முடிச்சுப்போட்டு.

நீங்கள் பெரிய ஹோட்டல் வைச்சிருக்கிறியள். றஜிந்தன் எண்டால் ரவுண் முழுக்கத் தெரியும். வெள்ளைக்காரர் வந்து தங்கிற இடம், உங்களுக்கு ருசி தெரியும், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் என்ரை மருமோன் டினேஸ் கனடாவிலை என்ன பாடுபட்டுச் செய்தது உது! விஸ்கி கிடந்த பழைய பீப்பாவுக்குள்ளை பியரை ஊத்தி, ஒரு வருசம் தொடாமல் கிடத்தி... தொடாமல், தம்பி! அந்தப் பொறுமை எனக்கில்லை. நான் கருவாடே காயமுந்தித் திண்டுபோடுவன். உதுக்கும் மேர்சியிட்டை ஏச்சுத்தான். மேர்சி எண்டது என்ரை மனுசி, உங்களுக்கு றோல்ஸ் கொண்டுவந்து தந்தவ. சிரிச்சுக்கொண்டு தந்தவ எண்டு ஏமாறாதையுங்கோ.

என்ன சொல்லிக்கொண்டு வந்தனான்... ஓம், மணம். அந்தப் பியர் மீன் மணக்கிற சாமானே? கிளாஸைக் கிட்டக் கொண்டுவர முந்தியே மூக்கிலை வந்து நிக்கும். கோப்பிக்கொட்டை வறுக்கேக்கை கொஞ்சம் கூடக் கருகிப்போற நேரமொண்டு இருக்கெல்லே, அந்த மணம். பேந்து பனங்கட்டிப் பாணி, அடிப்பிடிக்கிறதுக்குச் சற்று முந்தி. வாயிலை வைச்சால் முதல் இனிப்பு. நல்லெண்ணெய் மாதிரித் தடிப்பா நாக்கிலை படுத்துக் கிடக்கும், இறங்கமாட்டன் எண்டு. பேந்து கைப்பு வரும். பாவக்காய்க் கைப்பில்லை, சொக்கிலேற் கைப்பு. சரி, முடிஞ்சுதெண்டு கிளாஸைக் கீழை வைப்பியள்... அப்பதான் மரம் வரும்! பழைய அலுமாரியைத் துறக்க வருமே ஒரு காஞ்ச இனிப்பு மணம், அதுதான். அதுக்கும் அடியிலை விஸ்கி, நெஞ்சுக்குள்ளை சின்ன அடுப்பு மூட்டினது போலை. பிறிஜ்ஜாலை எடுத்த கையோடை குடிச்சால் ஒண்டும் விளங்காது, கண்டியளோ. கொஞ்சம் சூடு ஏற ஏறத்தான் அது வாய் துறந்து கதைக்கும். எனக்கே உது மூண்டாம் வெள்ளிதான் விளங்கினது...

என்ன? எந்த மூண்டாம் வெள்ளி? நான் அப்பிடிச் சொன்னனானோ?

உங்களுக்குக் காதும் நல்ல காது, தம்பி. இஞ்சாலை வாங்கோ, முருங்கைக்குக் கீழை. குசினி யன்னல் துறந்து கிடக்கு.

டினேஸ் இந்தப் போத்தலைத் தான் வர முந்தியே, தவக்காலம் தொடங்கேக்கை, ஒரு ஆளிட்டைக் குடுத்து அனுப்பிப்போட்டார். "மாமா கவனம், இது ஒண்டுதான் மிச்சம், றஜிந்தன் அண்ணைக்கு ருசி காட்ட" எண்டு. நான் கட்டிலுக்குக் கீழை வைச்சன். அதே கிழமைதான் மேர்சி என்னை அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னாலை நிப்பாட்டிச் சத்தியம் வாங்கினது, சாராயமும் கள்ளும் தொடமாட்டன் எண்டு. பியரெண்டு அவ சொல்லேல்லை. நானும் ஞாபகப்படுத்தேல்லை. வெள்ளிக்கிழமையிலை அவ சிலுவைப்பாதைக்குப் போவா, நான் கட்டிலுக்குக் கீழை போவன். மூடியை நோகாமல் கழட்டி, ஒரு முடறு. கூடிப்போனால் ரெண்டு. குருத்தோலை ஞாயிறு தூக்கிப் பாத்தால் போத்தல் பஞ்சு மாதிரி!

பேந்தென்ன செய்யிறது? கடுங்கோப்பி ஊத்தினன். பனங்கட்டி கரைச்சன். மேர்சியின்ரை அரிஷ்டத்திலை கொஞ்சம், நுரைக்குச் சோடா. பதம் சரிபோலைதான் கிடந்தது. ஆனால் மரத்திலை கிடந்த பியரெண்டால் மரமும் வேணுமெல்லே? கரையிலை கவிட்டுக் கிடக்கிற என்ரை பழைய வள்ளத்திலை ஒரு சிராய் செதுக்கி உள்ளை போட்டன். கழுவித்தான் போட்டனான்! அந்த வள்ளத்துக்கு வருசா வருசம் தாரும் சுறா எண்ணெயும் பூசினது நான்தான். அது அந்த நேரம் மண்டையிலை ஏறேல்லை.

துப்பாதையுங்கோ தம்பி, விசமில்லை.

ஒருத்தருக்கும் விளங்காதெண்டு நினைச்சுத்தான் செய்தனான். இப்ப உள்ளை பாருங்கோ, அந்தப் பிள்ளை தலையிலை கைவைச்சுக்கொண்டு இருக்கு. ஒரு வாய் தானும் குடிச்சுப்போட்டு, "என்ரை பீப்பாதான் பிழை மாமா, உதை விட்டுட்டு லொறி ஓடப் போறன்" எண்டுறார். நீங்கள் ஹோட்டலுக்கு அவற்றை பியரை வாங்கிறதெண்டால் அரைவாசி வருசம் இஞ்சை வந்து நிப்பமெண்டு றஜிதா சொன்னவள். என்ரை மோள், தம்பி. பேரன் என்னை ரெலிபோனுக்குள்ளை சீவிக்கிற ஆளெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறான். எனக்கு வெக்கமாக் கிடக்கு. பியரிலை ஒரு குறையுமில்லை, குறை என்ரை வாயிலைதான்.

இந்தாங்கோ. மடிக்குள்ளைதான் வைச்சிருக்கிறன். சளிமருந்துப் போத்தல்தான், ஆனால் வடிவாக் கழுவினது. உயிர்த்த ஞாயிறண்டு குடிப்பமெண்டு, அடியிலை மிஞ்சின கடைசி முடறை உதுக்குள்ளை ஊத்தி ஒளிச்சு வைச்சன், நேத்து முழுக்க மேர்சி பக்கத்தை விட்டு அரக்கேல்லை. குடியுங்கோ. மடிச்சூடு ஏறியிருக்கும், அதுதான் சரியான சூடு.

ம்... விழுங்காதையுங்கோ, கொஞ்சம் வைச்சிருங்கோ. பனங்கட்டி வந்ததோ? பொறுங்கோ, அவசரப்படாதையுங்கோ... கண்ணை மூடுறியள். வந்திட்டுதோ? மரம் வந்திட்டுதோ! நான் சொன்னனானெல்லே! எனக்கொரு சொட்டு வையுங்கோ... ஐயோ, முழுக்கவோ!

எங்கை போறியள்? கேற் இந்தப் பக்கம். ஓ, டினேஸிட்டையோ? போங்கோ, போங்கோ, நல்ல செய்தியை உடனை சொல்லுங்கோ. முதல் குடிச்சது பழுதாப்போன போத்தலெண்டு சொல்லுங்கோ, மிச்சக் கதை வேண்டாம். தம்பி! அந்தக் குட்டிப் போத்தலைத் தந்திட்டுப் போங்கோ! தம்பி, குசினிப் பக்கத்தாலை போகாதையுங்கோ...

மேர்சி! ஒண்டுமில்லையப்பா, தம்பிக்கு இருமல், மருந்து குடுத்தனான்... ஐயோ தம்பி, போத்தலை அவவின்ரை கையிலை குடுக்காதையுங்கோ, அவவுக்கு மூக்கு உங்களையும்விடத் திறம்!