கைநூலில் இருந்த தமிழ்

— கைநூல்ல இருக்கிறபடிதானே அடிச்சனீர், சிவசக்தி?

— ஆமாங்க பார்த்தீபன் சார். மொழிக்கு ரெண்டு கோடு, லாங், டீ ஏ. ஒரெழுத்து பிசகல. மண்சரிவு எச்சரிக்கையாச்சேன்னு மொதல்ல எம் போனுக்கு மட்டும் அனுப்பிப் பாத்தேன். சிங்களத்துல வருது.

— இருக்காது. அந்தக் கைநூல் நான் எழுதினது. நாப்பத்தாறு பக்கம். டீ ஏ எண்டா தமிழ்.

— நீங்களே பாருங்க சார். இந்தாங்க மெசேஜு.

— ம்... திரையில பிழை எண்டு ஏதும் காட்டினதோ?

— இல்லீங்க. அனுப்பியாச்சுன்னு மட்டும் போட்டுச்சு.

— கைநூலை மூடி வையும். ஹெல்ப் எண்டு அடியும். புரோகிராம் தன்ர வாயால என்ன சொல்லுது எண்டு பாப்பம்.

— லாங்ங்கிற பேச்சே இல்லீங்க சார். எல்லுன்னு ஒன்னு இருக்கு. பக்கத்துல நம்பர் போடணுமாம். ஒன்னு சிங்களம், ரெண்டு தமிழ். ஒன்னும் போடாட்டி சிங்களமாம்.

— போன டிசம்பரில கொம்பனிக்காரர் புதுப் புரோகிராம் போட்டவை. இதை மாத்தினதை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல. தெரியாததைக் குடுத்தா தெரியாது எண்டெல்லோ சொல்லவேணும்? இது பேசாம விழுங்கிப்போட்டு சிங்களத்தில அனுப்புது. நானும் புதுசு வந்தாப்பிறகு ஒருக்காக்கூட அடிச்சுப் பாக்கேல்ல. அது என்ர பிழை.

— அதெல்லாம் பொறவு பேசுவோம் சார். நாலு மணிக்குள்ள இது போயாகணும். மழை விடுற மாதிரி இல்ல.

— சரி. எல், இடைவெளி விட்டு ரெண்டு. முதலில உம்மட போனுக்கு.

— வந்துருச்சு சார். தமிழு.

— எல்லாத் தேயிலைத் தோட்டத்துக்கும் விடும்.

— விட்டாச்சுங்க.

— அப்ப டிசம்பருக்குப் பிறகு போன மூண்டு எச்சரிக்கையும் சிங்களத்திலயோ போனது?

— ஆமாங்க. மூனும் எங்கம்மா போனுக்கு வந்துச்சு.

— தெரிஞ்சும் ஏன் சொல்லேல்ல?

— எங்க தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வர்ற கடிதாசி பாதி சிங்களத்துலதானேங்க வருது. இதுவும் அப்பிடித்தான்னு நெனச்சேன். எப்பவும் ஜெஸீம் அண்ணன்தான் அனுப்புவாரு. இன்னைக்கு அவரு லீவு. கைநூலத் தொறந்தப்பதான் தமிழ்லயும் அனுப்பலாம்னே எனக்குத் தெரியும்.

— அம்மா சிங்களம் வாசிப்பாவோ?

— பேசுவாங்க. எழுத்து தெரியாது. போன் கம்பனி வெளம்பரம்னு அழிச்சுப்புடுவாங்க. லயத்துல முக்காவாசிப் பேரு அப்பிடித்தான்.

— நில்லும். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில உங்கட லயத்துச் சனம் மூண்டு தரமும் ஒருத்தர் விடாம பள்ளிக்கூடத்துக்கு ஏறி வந்ததே. அதை வச்சுத்தான் எல்லாம் சரியா வேலை செய்யுது எண்டு மேலிடத்துக்கு எழுதினனான்.

— அது நான் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லுறதுங்க சார். அவங்க கொடையப் புடிச்சுக்கிட்டு வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டுவாங்க.

— அப்ப லுணுகலைப் பக்கத் தோட்டங்களுக்கு அந்த மூண்டு தரமும் ஆர் சொன்னது?

— அங்க எனக்கு யாரும் இல்லீங்க சார்.