ஊசியை நிறுத்திய அக்காவுக்கு

முதுகெலும்பின் முடுக்கெல்லாம் அறிந்தவரே! மூன்றாம் அறுவை அரங்கின் முப்பத்தோராண்டு விழியே! பணி ஓய்வு பெற்று, கதிரைத் தடுக்கும் ஈய அங்கியை இறக்கிவைக்கும் வேளையிலும் எங்களை எடைபோடும் பார்வையை இறக்காதவரே! எலும்புகளை எண்ணாமல் ஊசியைத் தொடவிடாத எங்கள் கணக்கக்காவே, வணக்கம்!

நொறுங்கிய முள்ளெலும்புக்குள் ஊசி வழியே சிமெண்ட் செலுத்துவது எங்கள் வேலை. எக்ஸ்ரே திரையில் அந்த ஊசிக்கு வழிகாட்டியது உங்கள் வேலை. எலும்பின் பின்புறம் இருபக்கமும் உள்ள குறுகிய தண்டுகள் திரையில் இரு முட்டைகளாகத் தெரியும். முட்டையின் வெளிவிளிம்பில் நுழைந்து, உள்விளிம்பைத் தாண்டாமல் இறங்க வேண்டும், தாண்டினால் தண்டுவடம். இரண்டும் ஒன்றுபோல் தெரியும்வரை அந்தப் பழைய கருவியைக் கிரீச்சிடக் கிரீச்சிடத் திருப்புவீர்கள். நடுமுதுகில் தண்டு மெலிந்திருந்தால், "இது வழியா வேணாம் டாக்டர், விலா எலும்ப ஒட்டி வெளியிலேர்ந்து வாங்க" என்பீர்கள். கேட்காமலே சொல்வீர்கள். கேட்டு நடந்த நாளெல்லாம் பிழைத்தோம். அந்தக் கிரீச் சத்தம்கூட இப்போது ஏக்கமாக இருக்கிறது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், தபால் பிரிக்கும் வேலை பார்த்த அம்மா ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். அடுத்தடுத்து இரண்டு எலும்புகள் நசுங்கியிருந்தன. பழையது ஒன்று, வலிக்கும் புதியது ஒன்று. திரையில் இரண்டும் ஒரே மாதிரி. கடைசி விலா எலும்பிலிருந்து நாங்கள் எண்ணிவிட்டோம். நீங்கள் வழக்கம்போல் கழுத்திலிருந்து ஒருமுறை, இடுப்பிலிருந்து ஒருமுறை எண்ணினீர்கள்.

"நிறுத்துங்க டாக்டர், கணக்கு இடிக்குது."

"உங்க எண்ணுற பாட்டு முடியறதுக்குள்ள சிமெண்டே இறுகிடும்கா" என்று சிரித்துக்கொண்டே ஊசியை அழுத்தினோம். நீங்கள் திரையை அணைத்துவிட்டீர்கள்! அந்த அம்மாவுக்குப் பிறவியிலேயே விலா எலும்பு ஒரு ஜோடி குறைவு என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் எங்கள் கணக்கு ஓர் எலும்பு தள்ளிப்போய், ஊசி பழைய எலும்பின் வாசலில் நின்றிருந்தது. சரியான எலும்பில் சிமெண்ட் ஏறியது. மறுநாள் அவர் தானே எழுந்து நடந்தார்.

அறிக்கையில் நாங்கள் எழுதியது: "மருத்துவர் எண்ணிக்கைப் பிழையைக் கண்டறிந்து திருத்தினார்." கோப்பில் சேர்க்குமுன் அதை முழுக்கப் படித்தீர்கள். "தேதி மட்டும் தப்பா இருந்துச்சு டாக்டர், மாத்திட்டேன்" என்றீர்கள். அவ்வளவுதான். அன்றிலிருந்து உங்கள் முகத்தை நேராகப் பார்க்கக் கூசியபடியே உங்களோடு வேலை பார்த்தோம்.

இந்த மடலில் 'நாங்கள்' என்று வரும் இடத்திலெல்லாம் உண்மையில் ஒளிந்துகொண்டிருப்பவன் நான் ஒருவன்தான். அந்த ஊசியைப் பிடித்திருந்த கைதான் இதை எழுதுகிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது அக்கா.

ஈயச் சுமை நீங்கிய தோளோடும், வலியறியா முதுகோடும், நினைத்த நேரம் உறங்கி நினைத்த நேரம் விழிக்கும் நிம்மதியோடும் நீடு வாழ்க! இன்று காலை அந்தக் கோப்பை எடுத்து, அதிகாரியின் ஒப்புதலோடு ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "பிழையைக் கண்டு ஊசியை நிறுத்தியவர் எக்ஸ்ரே நுட்புநர், முதல்முறை சொன்னபோது கேட்காதவர் மருத்துவர்."

அன்புடன்,
மூன்றாம் அறுவை அரங்கத்தார் அனைவரும்,
அவர்களுக்குக் கீழே அந்த மருத்துவரும்