எதிர் நாற்காலியில் இருந்தவர்

தலைமை ஏற்றிருக்கும் விளையாட்டுக் கடை உரிமையாளர் அவர்களே, மருத்துவமனையிலிருந்து வந்து மேடையில் அமர்ந்திருக்கும் எக்ஸ்ரே பிரிவு மருத்துவர் அவர்களே, மகளைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் இருக்கும் அம்மா அவர்களே, அவர் பக்கத்தில் தலைகுனிந்திருக்கும் தம்பியே, எங்கள் ஆட்டக்குழு நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. நடுவில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறைந்த நம் சகோதரியை மருத்துவமனையில் 'எக்ஸ்ரே மேடம்' என்பார்கள். எங்களுக்கு அவர் 'எதிரி அக்கா'. உறவினர்கள் யாரும் முகம் சுளிக்க வேண்டாம். எங்கள் குழுவில் அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. வயதில் நான் மூத்தவன். நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

ஆட்டம் அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம். இது நீங்கள் நினைக்கிற சீட்டாட்டம் அல்ல. அம்மாவே முதலில், "படிச்ச பொண்ணு சீட்டாடப் போகுதே" என்று தலையில் அடித்துக்கொண்டவர்தான். அரக்கன், குதிரை, கோட்டை என்று படம் அச்சிட்ட அட்டைகள் கடையில் கிடைக்கும். குவிந்து கிடக்கும் அட்டைகளிலிருந்து அறுபதைப் பொறுக்கி ஒரு கட்டாக்கி, அதை எடுத்துக்கொண்டு போட்டிக்குப் போக வேண்டும். கட்டு தேறுமா தேறாதா என்று எப்படித் தெரியும்? ஆடித்தான் பார்க்க வேண்டும். யாரோடு? போட்டியில் எதிரே உட்காரப் போகிறவரின் கட்டைப் போல ஒன்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அவரைப் போலவே ஆட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நம் அக்கா.

"இன்னைக்கு நான் யாரு?" என்று கேட்டுக்கொண்டேதான் உட்காருவார். அவசரக்காரரின் கட்டு என்றால் நாம் யோசிக்கும்போது மேசையைத் தட்டி உயிரை வாங்குவார். அழுத்தக்காரரின் கட்டு என்றால் வாயே திறக்காமல் நம்மை உறுத்துப் பார்ப்பார். எத்தனை பேரை அழ வைத்திருக்கிறார் தெரியுமா? கடைக்காரர் சிரிக்கிறார்; அவரும் அதில் ஒருவர். நீங்களே ஏன் போட்டிக்குப் போகக்கூடாது என்று ஒரு நாள் கேட்டேன். "நான் ஜெயிக்கணும்னு கிளம்பிட்டா ஒரு கட்டுதான் தெரியும் சார். இப்போ எல்லார் கட்டும் தெரியுதே" என்றார். அப்படியும் ஒரு மனுஷி இருந்தார்.

எங்கள் குழுவுக்காகப் போட்டியில் இறங்குபவர் அவருடைய தம்பி. ஆட்டத்தில் புலி, தோற்றால் குழந்தை. பயிற்சியில் அக்காவிடம் தோற்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தபோது அக்கா சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "எலும்பு உடைஞ்சிருந்தா படத்துல தெரியணும்டா. தெரியலைன்னா படம் அழகா வந்திருக்குன்னு சந்தோஷப்படுவியா?"

பிறகு நோய் வந்தது. நாங்கள் கூடி ஆடும் விளையாட்டுக் கடைக்கு அக்காவால் வர முடியவில்லை. கட்டிலை ஒட்டி மேசை போட்டு, தம்பி அங்கே போய் ஆடினார். அட்டையைக் கலைக்கவும் அக்காவுக்குக் கையில் பலமில்லை. கலைத்துக் கொடுத்தவன் நான். அந்த நாட்களில் அக்கா ஜெயித்துக்கொண்டே இருந்தார். தம்பியின் கையில் மின்னல் குதிரை என்ற தாக்கும் அட்டை இருந்த ஆட்டங்களில் எல்லாம் தம்பிக்குத் தோல்வி. அப்படியென்றால் குதிரைதான் தண்டம் என்று குழு முடிவு செய்தது. குதிரைகளை எடுத்துவிட்டுக் கோட்டைகளைச் சேர்த்தோம். போட்டிக்குப் போனோம். கோட்டைக்குள் பதுங்கிக்கொண்டே தம்பி தோற்று வந்தார்.

அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. "வீட்டுல ஆடின ஆட்டத்துல ஒவ்வொரு தடவையும் குதிரைய எப்ப இறக்கினே, சொல்லு" என்றார். தம்பி உண்மையைச் சொன்னார். இறக்கவே இல்லை, நண்பர்களே. படுத்திருக்கும் அக்காவைத் தோற்கடிக்க மனமில்லாமல் குதிரையைக் கையிலேயே வைத்திருந்திருக்கிறார். எந்தத் தம்பிக்குத்தான் மனம் வரும்?

அக்கா கத்தவில்லை. "நான் எதிரியா உக்காந்திருந்தேன். நீ என்னை நோயாளியா பாத்துட்டே" என்றார். அட்டைகளை என் பக்கம் தள்ளி, "அந்த ஆட்டம் ஒண்ணும் செல்லாது. முதல்லேருந்து போடு" என்றார்.

மறுபடி ஆடினார்கள். குதிரைகள் திரும்பி வந்தன. அக்கா ஜெயித்தார், தம்பி ஜெயித்தார், மாற்றி மாற்றி நடந்தது. கடைசி ஆட்டத்தில் தம்பி குதிரையை இறக்கி, அக்காவை ஒரு வழி பண்ணிவிட்டார். அந்த வாரம் முடிவதற்குள் அக்கா போய்விட்டார்.

அன்று வீட்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு தம்பி சொன்னார்: "கடைசி ஆட்டத்தையாவது விட்டுக் குடுத்திருக்கலாமேண்ணே. தோத்துட்டுப் போயிட்டாளே. இனிமே அட்டையத் தொடமாட்டேன்."

அதற்கான பதிலை இன்று சபையில் வைத்துச் சொல்கிறேன். தம்பி, கொஞ்சம் நிமிர்ந்து கேள். அந்தக் கடைசி மாதங்களில் அக்காவைப் பார்க்க யார் யார் வந்தோம்? நான் வந்தேன். "முகம் தெளிஞ்சிருக்கே அக்கா" என்றேன், பொய். சொந்தக்காரர்கள் வந்து, அடுத்த மாதம் வேலைக்குப் போய்விடலாம் என்றார்கள், பொய். மருத்துவர் அவர்களே, மன்னிக்க வேண்டும், நீங்களும் சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தீர்கள். எலும்பு முறிவைப் படத்தில் பார்த்தே பழகியவருக்கு எங்கள் முகம் தெரியாதா? எல்லாம் தெரிந்துதான் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவரை ஓர் ஆளாக மதித்து, முழுப் பலத்தோடு மோதியவன் இந்த உலகத்தில் நீ ஒருவன்தான். தோற்றதும் உன் அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாரே, நினைவிருக்கிறதா? "இனிமே இந்தக் கட்டுல எதையும் மாத்தாதே. இப்படியே போட்டிக்கு எடுத்துட்டுப் போ" என்றார். அவர் கேட்டதைக் கொடுத்து அனுப்பியவன் நீ. நாங்கள் யாரும் கொடுக்கவில்லை.

அடுத்த போட்டி வருகிறது. குழுவின் சார்பில் நான் உறுதி சொல்கிறேன்: இனி எதிரில் நான் உட்காருகிறேன். அக்கா அளவுக்கு எனக்கு ஆட வராது, வரும்வரை பழகுவேன். சனிக்கிழமை கட்டை எடுத்துக்கொண்டு வா. அழுகை வந்தால் அழுதுகொண்டே ஆடு. ஆனால் கண்ணீரில் அட்டை தெரியாமல் தப்பாக இறக்கினாய் என்றால், அந்தத் தப்பைப் பிடித்தே உன்னைத் தோற்கடிப்பேன். பாவம் என்று விடமாட்டேன்.