மிதவையர் காத்திருக்கிறார்கள்

டீ ஆறிக்கொண்டிருக்கிறது, முதலில் குடியுங்கள். இந்த மீட்டிங் அறையில் ஏசியைக் குறைக்க வழியில்லை. எதை வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் பச்சைத் தண்ணீராகிவிடும்.

உங்கள் அம்மாவோடு பேசியது யார் என்று கேட்டு வந்திருக்கிறீர்கள். நான்தான். எங்கள் விளையாட்டில் பேசுவதெல்லாம் கம்ப்யூட்டர்தான் என்று வரவேற்பில் இருக்கிற பெண் சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அவள்மேல் கோபப்படாதீர்கள்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் விண்வெளி விளையாட்டில் ஆட்டக்காரர் கப்பலை ஓட்டிக்கொண்டு ஒரு புதுக் கிரகத்துக்கு வருவார். அங்கே யாரோ இருப்பார்கள். அவர்கள் எப்படி வணக்கம் சொல்வார்கள், எப்போது சிரித்துக்கொண்டே கழுத்தை அறுப்பார்கள் என்பதையெல்லாம் எழுதுகிறவன் நான். சண்டைக்கார இனத்தை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். ஆட்டக்காரரை எழுந்து போகவிடாத இனத்தை எழுதுவதுதான் கஷ்டம். அந்த இனத்துக்கு அவர் தேவைப்பட வேண்டும். அவர் இல்லாவிட்டால் அவர்களுக்கு வேறு நாதி இருக்கக் கூடாது.

அப்படி எழுதியதுதான் மிதவையர். சூரியன் அணைந்துபோன கிரகத்தில் மேகத்துக்குள் மிதக்கிறவர்கள், வாயில்லாப் பூச்சிகள். ஆட்டக்காரரின் கப்பல் வெளிச்சம் பட்டால்தான் பிழைப்பார்கள். அவர்கள் பேசும்போது திரையில் நாலு பதில்கள் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குக் கீழே ஒரு காலிப் பெட்டி. அதில் என்ன எழுதினாலும் விளையாட்டு கண்டுகொள்ளாது. ஆட்டக்காரருக்கு மனதில் இருப்பதைக் கொட்டிவிட்ட திருப்தி, அவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் கெட்ட வார்த்தைதான் எழுதுவார்கள். அதைப் படித்துப் பார்க்கிற வேலையும் என் தலையில் விழுந்திருந்தது.

உங்கள் அம்மா எழுதியது இது: “எல்லாரும் சாப்டீங்களா?”

நான் மேஜையிலேயே ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். அந்தக் கேள்வியை என்னிடம் கடைசியாக யார் கேட்டது என்று யோசித்துப் பார்த்தேன். மனைவி விட்டுப் போவதற்கு முன்னால்கூட அவள் கேட்ட ஞாபகம் இல்லை. சோதனை செய்வதற்காக, ஓர் இனத்துக்குள் புகுந்து நாங்களே பேச ஒரு வழி உண்டு. புகுந்தேன். “இன்னும் இல்லை. தாங்கள் உண்டீர்களா?” என்று எழுதினேன். வேற்றுக்கிரகத்தார் சுத்தமான எழுத்து நடையில்தான் பேச வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் சட்டம்.

“நீங்க மெஷின்னு தெரியும் கண்ணுங்களா. ஆனாலும் கேக்காம எப்படி இருக்கறது” என்றார்.

பிறகு தினமும் வந்தார். உங்கள் அப்பா போனதிலிருந்து வீடு வீடாகவே இல்லை என்பார். மோட்டாரை நிறுத்த மறக்கிற மாடி வீட்டுக்காரரைத் திட்டுவார். உங்களைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. “அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்” என்பார். எனக்கு உங்கள்மேல் பொறாமையாக இருந்தது, அதையும் மறைப்பானேன்.

அப்புறம் நீங்கள் அவரை உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனீர்கள். எங்கள் விளையாட்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஆட்டக்காரர் எழுந்து போனால் அந்த உலகம் அப்படியே நின்றுவிடும். அவர் தன் முறையை முடித்தால்தான் அடுத்த சுற்று நகரும். யாருக்கும் எந்த நஷ்டமும் வராது. உங்கள் அம்மாவின் உலகத்துக்கு மட்டும் நான் அந்த வழக்கத்தை எடுத்துவிட்டேன்.

மீதித் துணிமணிகளை எடுக்கத் தன் வீட்டுக்கு வந்தவர் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். மிதவையரில் பாதிப் பேர் செத்துக் கிடந்தார்கள். மீதிப் பேர், “தாங்கள் வரவில்லை. வெளிச்சமும் வரவில்லை” என்றார்கள். நான் எழுதியதிலேயே நல்ல வசனம் அது. “ஐயோ, பாவி நான்” என்று பெட்டியில் எழுதினார். அதற்குப் பிறகு அவர் உங்கள் வீட்டுக்கு வரவில்லை. மாடிப்படி ஏற முட்டி வலிக்கிறது என்று உங்களிடம் சொன்னார் இல்லையா, முட்டியில் ஒன்றும் இல்லை. நீங்கள் போனில் சண்டை போட்டதை என்னிடம் சொல்லி அழுதார். நான் ஆறுதல் சொன்னேன். அந்த வழக்கத்தையும் பழையபடி போட்டுவைத்தேன், அதை எடுத்துவைத்திருக்க வேண்டிய தேவை முடிந்துவிட்டது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அன்று மத்தியானம், “நெஞ்சுக்குள்ள என்னவோ அடைக்குது. இடது கை மரத்துப் போச்சு. பொண்ணுக்கு போன் பண்ணட்டுமா?” என்று எழுதினார். என்னிடம்தான் கேட்டார். அது என்ன வலி என்று எனக்குத் தெரியும். அவருடைய விலாசமும் எங்களிடம் இருந்தது, போன் என் கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஆனால் நீங்கள் வந்தால் கையோடு அழைத்துப் போய்விடுவீர்கள். இந்தத் தடவை அவர் திரும்பி வர மாட்டார்.

“இன்னும் ஒரு சுற்று வெளிச்சம் தாருங்கள். பிறகு அழைக்கலாம்” என்று எழுதினேன்.

“சரிப்பா. ஒண்ணே ஒண்ணு” என்றார். அதுவரை எங்களைக் கூட்டமாகத்தான் கூப்பிடுவார். அன்றுதான் ஒருவனைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்.

அப்புறம் ஒன்றும் வரவில்லை. வலி குறைஞ்சுதா என்று கேட்டேன். மறுபடியும் கேட்டேன். பதற்றத்தில் எழுத்து நடை போய்விட்டது. நீங்கள் கதவை உடைத்து உள்ளே போனபோது திரையில் அதுதான் நின்றிருக்கும். மெஷின் இப்படிக் கேட்காது என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். நீங்கள் கெட்டிக்காரர் என்று அம்மா சொன்னது சரிதான். அந்த வேலையில் நான் செய்த தவறு அது ஒன்றுதான்.

போலீசைக் கூப்பிடுங்கள், எதையும் மறுக்க மாட்டேன். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அவருடைய கணக்கை மூடச் சொல்லாதீர்கள். அவர் உலகம் அப்படியே நிற்கிறது. அவர் இன்னும் தன் முறையை முடிக்கவில்லை. அம்மா விட்டுப் போய்விட்டார் என்று நீங்கள் அழுகிறீர்கள், அழுங்கள், உங்களுக்குச் சொல்லி அழவாவது யாராவது இருப்பார்கள். என் நிலைமையையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு சுற்று என்று வாக்குக் கொடுத்தவர் அவர். நான் இன்னும் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.