தனிச் செல்லோவுக்கு ஓர் இரங்கல்

தேநீர் நன்றாகத்தான் இருக்கிறது, இன்ஸ்பெக்டர். சர்க்கரை மட்டும் ஒரு கரண்டி கூடிவிட்டது.

நான் ஆர்னல்ட் பெக்கிட். எங்கள் ஊர் இசைக்குழுவில் இருபத்திரண்டு வருடமாக முதல் செல்லோ. லண்டனிலிருந்து யாராவது தனிப்பகுதி வாசிக்க வந்தால், அதை நானும் பாடம் பண்ணி வைத்திருக்க வேண்டும். அவர் வராமல் போனால் அவர் இடத்தில் நான் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இதுவரை யாரும் வராமல் போனதில்லை.

இந்த முறை செல்லோவுக்கும் முழுக் குழுவுக்குமான ஓர் இரங்கலிசை. போரில் மகனைப் பறிகொடுத்தவர் எழுதியது. அதை வாசிக்க வந்தவள் ஹில்டா மார்ச்பேங்க். ஒத்திகை நடுவே சாசேஜ் தின்பாள். கொழுப்பு ஒட்டிய விரலைப் பாவாடையில் துடைத்து அப்படியே தந்தியில் வைப்பாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சிரித்த முகத்தோடு சாவை வாசிப்பாள். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

"என்ன மிஸ்டர் பெக்கிட், மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? எழவு உங்க வீட்டுலயா?" என்றாள் ஒருநாள். குழுவே சிரித்தது.

"வாய மூடுடி ஹில்டா. பெரிய மனுஷர்கிட்ட என்ன பேச்சு இது?" என்று அதட்டினாள், அவளோடு வந்து பார்வையாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் அக்கா ஈடித். தாயில்லாத ஹில்டாவை வளர்த்தவள். நல்ல பெண். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

யாரையும் பறிகொடுக்காதவள் இதை எப்படி வாசிப்பாள், சொல்லுங்கள். யாராவது அவளுக்குத் துக்கத்தைத் தெரியப்படுத்த வேண்டும்.

கச்சேரி நாள் காலையில் ஈடித் மதகுப் பாலத்தில் நின்று அன்னங்களுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க மிஸ்டர் பெக்கிட். இதுகளுக்கு என்ன பசி பாருங்க!" என்றாள். கம்பிக்கு மேல் நன்றாகக் குனிந்திருந்தாள். லேசாகத் தள்ளினால் போதும் என்றிருந்தது. ஆனால் விழும்போது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. நனைந்த ரொட்டி பிசுபிசுவென்று ஒட்டியது. வீட்டுக்குப் போய் இரண்டு முறை கை கழுவினேன். கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டேன். தனிப்பகுதியை முழுதாக ஒருமுறை வாசித்துப் பார்த்தேன்.

மத்தியானம் உடலை மதகில் கண்டெடுத்து ஹில்டாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மாலை ஏழரைக்கு ஹில்டா கண் வீங்கி வந்து உட்கார்ந்தாள். வாசித்தாள். அப்படியொரு வாசிப்பை நான் கேட்டதே இல்லை. முடிந்ததும் குழுவில் எல்லாரும் வில்லால் நோட்டுத் தாங்கியைத் தட்டினார்கள். அதுதான் எங்கள் கைதட்டல். நான் தட்டவில்லை.

நீங்கள் கேட்பது நியாயம்தான். இசைக்காகச் செய்தேன், நினைத்தபடியே அமைந்தும் விட்டது. பிறகு எதற்காக இடைவேளையில் அவள் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்?

சீ. அக்காள் பிணமாகக் கிடக்கையில் ஒருத்தி மேடை ஏறுவாள் என்று நான் நினைக்கவே இல்லை, இன்ஸ்பெக்டர்.